பனியின் அடுக்குகளும் எச்சரிக்கையின் சொற்களும்

தமிழில் ‘பனி’ என்பது மிகப் பழஞ்சொற்களுள் ஒன்று. ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றனர்; மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்றனர். அவர்கள் நாள்தோறும் கண்ட பனி, இரவெல்லாம் புல்நுனியில் துளிர்த்துக் கதிரவன் ஏறியதும் மறைந்துவிடும் பனி. இமயத்தின் முடியில் உருகாது கிடக்கும் வெண்பொருளையும் அவர்கள் அதே சொல்லாலேயே சுட்டினர். துளியாய் விழுவதும் பனி, புகைபோல் படர்வதும் பனி, மலையை மூடுவதும் பனி. வெப்பநிலத்து வாழ்க்கைக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

பனிமலையில் நடப்பவருக்கு அது போதாது. இன்று காலை விழுந்த பனிக்கும் சென்ற வாரம் விழுந்த பனிக்கும் வேறுபாடு உண்டு. காற்று வாரிக் கொணர்ந்து குவித்த பனி ஒரு தன்மையது. காற்றே இல்லாத தெளிந்த இரவில் படிந்த பனி மற்றொரு தன்மையது. இவ்வேறுபாடுகளை அறிவதில்தான் மலைப்பயணியின் உயிர் தங்கியுள்ளது.

ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையுமே காணும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பனிச்சரிவைப் பற்றிப் பேசுவானேன் என்ற வினா எழலாம். விடைகள் இரண்டு. முதலாவது, நாம் அங்கே செல்கிறோம். 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய முதல் மலேசியர்களான எம். மகேந்திரன், என். மோகனதாஸ் ஆகிய இருவரையும் நம் மாணவர் அறிவர். அத்தகைய வீரர்கள் மட்டுமல்லர். டிசம்பர் விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோவிற்குப் பனிச்சறுக்கு விளையாடச் செல்லும் குடும்பங்களும், நேபாளத்தில் நடைப்பயணம் மேற்கொள்ளும் இளைஞர்களும் இன்று நம்மிடையே பலர். இரண்டாவது விடை, மொழி தொடர்பானது. பனிச்சரிவு பற்றிய எச்சரிக்கை என்பது சொற்களால் ஆனது. மலைப்பனியில் நேரும் உயிரிழப்புகள் பலவற்றின் பின்னால், முன்கூட்டியே சொல்லப்பட்டும் உரிய பொருள் கொள்ளப்படாத ஓர் எச்சரிக்கை இருந்துள்ளது. எனவே, பனியைப் படிப்பதும் எச்சரிக்கையைப் படிப்பதும் ஒருங்கே கற்க வேண்டியவை.

மலைப்பனி ஒரு சுவடி

மலைச்சரிவில் கிடக்கும் பனியைத் தொலைவிலிருந்து நோக்கினால் ஒரே வெண்பரப்பாகத் தோன்றும். மண்வாரியால் நிலமட்டம்வரை செங்குத்தாக வெட்டிப் பார்த்தால், ஓலை மேல் ஓலையாக அடுக்கிய சுவடியின் ஓரம்போல் அது பல அடுக்குகளைக் காட்டும். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் ஏடு. ஒவ்வொரு வெயில்நாளும், ஒவ்வொரு காற்றுவீச்சும், ஒவ்வொரு கடுங்குளிர் இரவும் அந்த ஏட்டில் தன் தடத்தை விட்டுச் செல்கின்றன. அடியிலுள்ள ஏடு பனிக்காலத்தின் தொடக்கத்தைச் சொல்லும். மேலுள்ளது நேற்றைய செய்தியைச் சொல்லும்.

வானிலிருந்து விழும்போது பனி அறுகோண வடிவுடைய மெல்லிய படிகமாக இருக்கிறது. தரையை அடைந்த பின்பும் அது மாறிக்கொண்டே இருக்கும். மாற்றம் இரு வழிகளில் நிகழலாம். அடுக்கின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருந்தால், படிகங்கள் கூர்முனைகளை இழந்து உருண்டை வடிவம் பெறும். ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்து உறுதியடையும். வெப்பநிலை வேறுபாடு மிகுதியாக இருந்தால், அடியிலிருந்து நீராவி மேலெழுந்து படிகங்களை மீண்டும் மீண்டும் உருவாக்கி, பட்டைகள் கொண்ட பெரிய மணிகளாக மாற்றிவிடும். இம்மணிகள் சர்க்கரைபோல் உதிரியானவை. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தோடும், ஒன்றையொன்று பற்றிக்கொள்ளமாட்டா.

பத்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பநிலை மாறினால் இந்த நலிவு தொடங்கும் என்பது பொதுவான அளவுகோல். இதனை வகுப்பறையிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். பனிக்கு அடியிலுள்ள நிலம் பெரும்பாலும் சுழியப் பாகையை ஒட்டியே இருக்கும். மேற்பரப்பின் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 15 பாகை என்று கொள்வோம். பனியின் கனம் 60 சென்டிமீட்டர் என்றால், பத்து சென்டிமீட்டருக்கு இரண்டரைப் பாகை வேறுபாடு. கனம் மூன்று மீட்டர் என்றால் வேறுபாடு அரைப் பாகை மட்டுமே. ஆகவே குறைவான பனி என்றால் குறைவான ஆபத்து என்று எண்ணுவது தவறு. மெல்லிய பனியும் கடுங்குளிரும் சேர்ந்த பனிக்காலத் தொடக்கம், பின்னர் வரும் மாதங்கள் முழுமைக்கும் ஒரு நலிந்த அடித்தளத்தை அமைத்துவிடக்கூடும்.

இன்னொரு நலிந்த அடுக்கு, அழகே வடிவானது. மேகமற்ற, காற்றற்ற இரவில் பனியின் மேற்பரப்பில் இறகுபோன்ற படிகங்கள் முளைக்கும். நம்மூரில் புல்மேல் பனித்துளி தோன்றுவதன் உறைந்த வடிவம் இது. காலை வெயிலில் வைரத்தூள்போல் மின்னும் இப்படிகங்கள் மேற்பரப்பில் இருக்கும்வரை தீங்கற்றவை. அவற்றின்மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால், கண்ணுக்குப் புலப்படாமல் பல வாரங்கள் நின்று, தாங்கும் வலுவற்ற ஓர் அடுக்காக அமைந்துவிடும்.

பலகை பெயர்வது எவ்வாறு?

பனிச்சரிவு என்றவுடன், உச்சியிலிருந்து ஒரு பந்து உருண்டு பெருகி வருவதாகவே பலர் எண்ணுவர். ஒரு புள்ளியில் தொடங்கி விரிந்து இறங்கும் உதிரிப்பனிச் சரிவு உண்டுதான். ஆயினும் மலைப்பயணிகளின் உயிரைக் கவர்வது பெரும்பாலும் அதுவன்று. ஒட்டிப் பிணைந்த பனி அடுக்கு ஒன்று, தன் அடியிலுள்ள நலிந்த அடுக்கு நொறுங்கியதும், ஒரு பெரும் பலகைபோல் முழுவதுமாகப் பெயர்ந்து வழுக்குவதே அது. இதனைப் பலகைச்சரிவு என்று வழங்குவோம்.

இதற்கு நான்கு பொருள்கள் கூட வேண்டும்: மேலே ஒட்டிப் பிணைந்த பலகை, அதன் கீழே நலிந்த அடுக்கு, போதிய சாய்வு, தொடக்கிவைக்கும் ஒரு தூண்டுதல். பயணி ஒருவர் காலடி வைக்கும்போது அவருடைய எடை பலகையின் வழியே கீழிறங்கி நலிந்த அடுக்கைத் தொடுகிறது. அங்கே ஏற்படும் சிறு நொறுங்கல், வரிசையாக நிறுத்திய சீட்டுகள் ஒன்றையொன்று சாய்ப்பதுபோல், நொடிப்பொழுதில் சரிவின் குறுக்கே ஓடிவிடுகிறது. அதனால்தான் பலகையின் வெடிப்பு பெரும்பாலும் பயணிக்கு மேலே தோன்றுகிறது. அவர் பலகையின் நடுவில் நின்றுகொண்டிருப்பார்.

ஐம்பது மீட்டர் அகலமும் ஐம்பது மீட்டர் நீளமும் அரை மீட்டர் கனமும் கொண்ட ஒரு பலகையை எண்ணிப் பாருங்கள். மலையளவில் அது மிகச் சிறியது. அதன் கொள்ளளவு 1,250 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 200 கிலோகிராம் என்று கொண்டால் மொத்த எடை 250 டன். பஞ்சு என்று நாம் எண்ணும் பொருளின் எடை இது. மேலும், ஓடும்போது நீர்போல் பாயும் பனி, நின்றவுடன் கெட்டித்துவிடும். முழுதும் புதையுண்டவர் பெரும்பாலும் தம் கையைக்கூட அசைக்க இயலாது.

இவ்விடத்தில் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பயணிகள் உயிரிழந்த பலகைச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை, அதில் சிக்கியவரோ அவருடன் சென்றவரோதான் தொடக்கிவைத்துள்ளனர் என்பது இத்துறையினர் பலகாலமாகச் சொல்லிவரும் கணிப்பு. கேட்பதற்குக் கடுமையாயினும் இச்செய்தியில் நம்பிக்கையும் உள்ளது. தூண்டுவது நாம் என்றால், தூண்டாமல் இருப்பதும் நம் கையில்தான் உள்ளது.

சாய்வும் காற்றும் வெயிலும்

பலகைச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில் நிகழ்கின்றன. அதனினும் செங்குத்தான இடங்களில் பனி அவ்வப்போதே உதிர்ந்துவிடுவதால் பெரும் பலகை உருவாவது அரிது. முப்பது பாகைக்குக் குறைந்த சாய்வில் பலகை வழுக்குவது அரிது. ஆனால் அத்தகைய மெல்லிய சாய்விலும் சமதளத்திலும் நடப்பவர், மேலேயுள்ள செங்குத்துச் சரிவிலிருந்து இறங்கிவரும் பனிக்கு இரையாகலாம். நிற்கும் இடத்தின் சாய்வை மட்டும் பார்த்தல் போதாது. தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

காற்று, பலகையைக் கட்டும் தச்சன். மலைமுகட்டின் ஒரு பக்கத்திலிருந்து பனியை வாரி, மறுபக்கத்தின் காற்றுமறைவில் கொண்டு குவிக்கும். வானிலிருந்து ஒரு துளிப் பனியும் விழாத நாளிலும், காற்றுமறைவுச் சரிவில் சில மணி நேரத்தில் பெருங்கனம் சேர்ந்துவிடலாம். கொண்டுவரும் வழியிலேயே படிகங்களை உடைத்து நெருக்குவதால், அவ்வாறு குவியும் பனி பலகையாகவே அமைகிறது.

வெயில் இருமுகம் கொண்டது. மெல்லிய வெப்பம் நாளடைவில் அடுக்குகளைப் பிணைத்து உறுதிப்படுத்தும். திடீர் வெப்பமும் மழையும் பனியின் எடையைக் கூட்டி, பிணைப்பைத் தளர்த்தும். வசந்தகாலத்தில் காலையில் பாறைபோல் இறுகியிருந்த சரிவு நண்பகலில் ஈரச்சரிவாக இறங்குவது இதனால்தான். எனவே, ஒரே மலையில், ஒரே நாளில், வடக்கு நோக்கிய சரிவு ஒரு நிலையிலும் தெற்கு நோக்கிய சரிவு வேறொரு நிலையிலும் இருக்கும்.

நாசுவில் நிகழ்ந்தது

இதுவரை கண்ட கூறுகள் ஒரு துயர நிகழ்வில் எவ்வாறு ஒன்றுகூடின என்பதைக் காண்போம். அது ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து சென்ற பயிற்சி என்பதால் நமக்கு மிக நெருங்கியது.

ஜப்பானின் தொச்சிகி மாநிலத்தில் நாசு என்னும் மலையூர் உள்ளது. 2017ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், அங்குள்ள பனிச்சறுக்குத் தளத்தையொட்டிய மலைப்பகுதியில், உயர்நிலைப் பள்ளிகளின் மலையேற்றக் கழக மாணவர்களுக்கான பயிற்சி நடைபெற்றது. பள்ளிகள் பலவற்றிலிருந்து மாணவர் வந்திருந்தனர். பயிற்சியின் நோக்கமே மலையில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று கற்பிப்பதுதான்.

மார்ச் 27ஆம் நாள் சிகரம் ஏறுவதாகத் திட்டம். முந்தைய இரவில் 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புதுப்பனி பொழிந்திருந்தது. பனிச்சரிவு பற்றிய வானிலை அறிவுறுத்தல் நடப்பில் இருந்தது. சிகரம் ஏறுவது கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, ஆழ்ந்த பனியை மிதித்து வழி உண்டாக்கும் பயிற்சியைப் பனிச்சறுக்குத் தளத்தின் அருகிலேயே நடத்த முடிவாயிற்று. முன்னே சென்ற குழு மரங்களைத் தாண்டி மேலேறியது. அதற்கு மேல் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவு இருந்தது. காலை எட்டரை மணிக்குப் பின் பனி பெயர்ந்தது. மாணவர் எழுவரும் இளம் ஆசிரியர் ஒருவரும் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். புதைந்தவரைக் கண்டறியும் கருவிகள் மாணவரிடம் இல்லை. உதவி கோரும் அழைப்பு காவல்துறையைச் சென்றடைய அரை மணி நேரத்திற்கும் மேலாயிற்று.

பின்னர் நடந்த விசாரணையில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே பயிற்சியின்போது ஒரு பனிச்சரிவு நிகழ்ந்திருந்தது. அன்று எவரும் இறக்காததால் அது உரியவாறு அறிக்கையாகவில்லை. அடுத்து வந்த ஆசிரியர்களுக்குப் பாடமாகவுமில்லை. பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருந்த ஆசிரியர் மூவருக்கு 2024ஆம் ஆண்டு மே மாதம் மாவட்ட நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

இங்கே குறை கூறுவது நம் நோக்கமன்று. அந்த ஆசிரியர்கள் மலையை அறியாதவர் அல்லர். சிகரப் பயணத்தைக் கைவிட்டதே அவர்கள் எச்சரிக்கையைக் கேட்டார்கள் என்பதற்குச் சான்று. ஆனால், ‘சிகரம் ஆபத்து’ என்று கொண்ட பொருளை, ‘புதுப்பனி ஏறிய செங்குத்துச் சரிவு எங்கிருந்தாலும் ஆபத்து’ என்று அவர்கள் விரித்துக்கொள்ளவில்லை. பழகிய தளம், தாழ்ந்த இடம் என்பவை பாதுகாப்பின் அடையாளங்களாகத் தோன்றின. எச்சரிக்கையின் சொல் வந்து சேர்ந்தது. அதன் பொருள் அந்தச் சரிவுவரை வந்து சேரவில்லை.

ஐந்தில் மூன்று என்பதன் பொருள்

ஜப்பானிய வானிலை ஆய்வகம் பனிச்சரிவுக்கு வெளியிடும் அறிவுறுத்தல் ‘கவனம் கொள்க’ என்னும் ஒரே நிலையை உடையது. அதற்கு மேற்பட்ட எச்சரிக்கை நிலை பனிச்சரிவுக்கு இல்லை. பனிப்பகுதிகளில் ஒரு பருவத்தில் அது பன்முறை வெளிவருவதால், கேட்டுக் கேட்டுச் செவி பழகிவிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் வேறு வழியை மேற்கொண்டன. 1993ஆம் ஆண்டில் அவை ஐந்து படிகள் கொண்ட பொது அளவுகோல் ஒன்றை ஏற்றன: குறைவு, மிதம், கணிசம், மிகுதி, மிக மிகுதி. வட அமெரிக்காவிலும் ஐந்து படிகள் வழக்கிலுள்ளன.

படிகள் இருப்பது நன்று. ஆயினும் எண்ணுக்கும் ஒரு மயக்கம் உண்டு. ஐந்தில் மூன்று என்றால் நம் மனம் என்ன பொருள் கொள்கிறது? நடுத்தரம், தேர்ச்சிப் புள்ளி, அஞ்ச வேண்டாதது. மாணவரின் தேர்வுத்தாளில் அது பொருந்தும், மலையில் பொருந்தாது. இப்படிகள் ஏணிப்படிபோல் சம உயரம் கொண்டவை அல்ல. ஒவ்வொரு படியிலும் ஆபத்து முந்தையதைவிடப் பன்மடங்கு பெருகுகிறது. இரண்டாம் படியில், குறிப்பிட்ட சரிவுகளில் பெருஞ்சுமை ஏறினால்தான் பெரும்பாலும் பலகை பெயரும். மூன்றாம் படியில், தனியொருவரின் எடையே போதும். சில வேளைகளில் சமதளத்தில் நடப்பவர்கூடத் தொலைவிலுள்ள சரிவைப் பெயர்த்துவிட முடியும்.

சுவிட்சர்லாந்தின் அனுபவம் இதனைத் தெளிவாக்குகிறது. அங்கே பனிக்கால நாள்களில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டில் மூன்றாம் படி அறிவிக்கப்படுகிறது. உயிரிழப்புகளில் ஏறத்தாழப் பாதி அந்த நாள்களில் நிகழ்கிறது. நான்காம் படியிலும் ஐந்தாம் படியிலும் மலை தானே முழங்குகிறது. சாலைகள் அடைபடும், மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுவர். மூன்றாம் படியிலோ வானம் நீலமாக இருக்கலாம். புதுப்பனி கண்ணைப் பறிக்கலாம். மலை அமைதியாக இருக்கும். பயணியை அழைக்கும் அழகும் அவரைப் புதைக்கும் வலிமையும் ஒருசேர அமைந்த படி அதுவே.

ஆகவே நல்ல முன்னறிவிப்பு எண்ணோடு நின்றுவிடுவதில்லை. எத்திசை நோக்கிய சரிவுகளில், எந்த உயரத்திற்கு மேல், எவ்வகைச் சிக்கல் என்பதையும் அது சொல்லும். சிக்கல்களை ஐரோப்பிய முன்னறிவிப்பாளர் ஐந்தாக வகுத்துள்ளனர்: புதுப்பனி, காற்று குவித்த பனி, நெடுநாள் நிலைக்கும் நலிந்த அடுக்கு, ஈரப்பனி, நிலத்தோடு வழுக்கும் பனி. எண் தலைப்பு மட்டுமே, இவைதாம் உரை.

ஒரு வாக்கியம், நான்கு மொழிகள்

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரை ஒட்டிய மலைமுகட்டில் 1936ஆம் ஆண்டிலேயே பனி ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. அங்குள்ள ஆய்வு நிறுவனம் 1945 முதல் பனிச்சரிவு முன்னறிவிப்பை வெளியிட்டு வருகிறது. 1950–51ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அந்நாட்டில் பனிச்சரிவுகளால் 98 பேர் மாண்டனர். அதன்பின் முன்னறிவிப்பும் தடுப்பமைப்புகளும் மேலும் வலுப்பெற்றன.

மொழி ஆர்வலர் வியந்து போற்றத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. இந்நிறுவனத்தின் முன்னறிவிப்பு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் ஒரே நேரத்தில் வெளிவருகிறது. மாலையில் எழுதியதை இரவோடிரவாக மொழிபெயர்க்க நேரமில்லை. அவசரத்தில் ஒரு சொல் பிறழ்ந்தாலும் உயிர் போகலாம். ஆகவே, பனியையும் மொழியையும் அறிந்தோர் கூடி, முன்னறிவிப்பில் வரக்கூடிய வாக்கியங்களையும் அவற்றின் உறுப்புகளையும் முன்கூட்டியே தொகுத்து, நான்கு மொழிகளிலும் ஒத்த பொருள் தருமாறு செப்பனிட்டு வைத்தனர். முன்னறிவிப்பாளர் அத்தொகுப்பிலிருந்து தேர்ந்து தம் மொழியில் வாக்கியத்தை அமைத்தவுடன், ஏனைய மூன்று மொழிகளிலும் அதே பொருள் பிழையின்றி அமைந்துவிடுகிறது.

இம்முறையில் சொல்லழகுக்கு இடமில்லை. அதே பொருளுக்கு அதே சொல் வர வேண்டும் என்பதே அதன் விதி. இலக்கியத்தில் கூறியது கூறல் குற்றமாகலாம். எச்சரிக்கையில் அது கடமை. இன்று ‘கணிசம்’ என்றும் நாளை ‘ஓரளவு மிகுதி’ என்றும் எழுதினால், படிப்பவர் இரண்டு வெவ்வேறு நிலைகள் என்று எண்ணிவிடுவர்.

அறிந்தும் ஏன் செல்கிறோம்?

எச்சரிக்கை தெளிவாக இருந்தும் மக்கள் ஏன் சிக்குகின்றனர்? அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கேமன் 1972 முதல் 2003 வரை நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விபத்துக்குள்ளானோரில் பயிற்சி பெற்றோரும் உண்டு. ஆபத்தின் அறிகுறிகளும் பெரும்பாலும் வெளிப்படையாகவே இருந்தன. அவர்களை வழிதவறச் செய்தவை அன்றாட வாழ்வில் நமக்கு உதவும் குறுக்குவழிச் சிந்தனைகளே என்று அவர் காட்டினார்.

பழகிய இடம் பாதுகாப்பானது என்பது ஒன்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனித் திரும்புவதா என்பது மற்றொன்று. நம்மில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் அறிவார் என்பது மூன்றாவது. முன்னே சிலர் சென்ற தடம் தெரிகிறது என்பது நான்காவது. பிறர் மெச்ச வேண்டும் என்னும் விருப்பமும், மிதிபடாத பனியில் முதலில் இறங்கிவிட வேண்டும் என்னும் விரைவும் இவற்றோடு சேர்கின்றன.

இவற்றுள் மூன்றாவது நம் பண்பாட்டினர் தனித்துக் கருத வேண்டியது. மூத்தோர் சொல்லை மறுக்காதிருப்பதை நாம் நற்பண்பாக வளர்க்கிறோம். அது நல்லதே. எனினும் மலையில், குழுவின் மிக இளையவரும் ‘எனக்கு இந்தச் சரிவு அச்சம் தருகிறது’ என்று சொல்லவும், அதைக் கேட்டு அனைவரும் நின்று கருதவும் இடமிருக்க வேண்டும். அத்தகைய இடத்தை உண்டாக்குவது மூத்தவரின் கடன். பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் புறப்படுமுன்னரே, ‘ஐயமுள்ள எவரும் சொல்லலாம், ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்புவோம்’ என்று அறிவித்துவிடுதல் நன்று.

செல்லுமுன்னும் சென்றபோதும்

பனிச்சறுக்குத் தளத்தின் கயிற்றெல்லைக்குள் பணியாளர் சரிவுகளைச் சோதித்து ஆபத்தைக் குறைக்கின்றனர். கயிற்றைத் தாண்டியவுடன் அந்தக் காவல் இல்லை. ஹொக்கைடோவின் நிசெகோவில் வெளிச்சரிவுகளுக்குச் செல்ல வாயில்கள் உள்ளன; அன்றைய நிலைக்கேற்ப அவை திறக்கப்படும், மூடப்படும். மூடிய வாயிலையும் கயிற்றையும் தாண்டாதிருப்பது சுற்றுலாப் பயணிக்குரிய முதல் விதி.

வெளிச்சரிவுகளுக்குச் செல்வோர் அன்றைய முன்னறிவிப்பை எண் முதல் இறுதி வரி வரை படிக்க வேண்டும். செல்லும் வழியின் சாய்வை வரைபடத்தில் அளந்தறிய வேண்டும். பனிபொழிந்து முடிந்த முதல் ஓரிரு நாள்கள் மிகுந்த கவனத்திற்குரியவை. ஐயமுள்ள நாளில், மேலே செங்குத்துச் சரிவு இல்லாத, முப்பது பாகைக்குக் குறைந்த வழியைத் தேர்வது எளிய, உறுதியான பாதுகாப்பு.

நடக்கும்போது மலையே சில அடையாளங்களைத் தரும். அருகிலுள்ள சரிவுகளில் அண்மையில் பனி பெயர்ந்த தடம் உள்ளதா? காலடியிலிருந்து வெடிப்புகள் ஓடுகின்றனவா? பனிக்குள்ளிருந்து அடக்கிய இடிபோல் ‘வும்’ என்னும் ஒலி கேட்கிறதா? இவ்வொலி, நலிந்த அடுக்கு காலடியில் நொறுங்கும் ஒலி. சமதளத்தில் இருந்ததால் மட்டுமே அப்போது பலகை வழுக்கவில்லை. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் செங்குத்துச் சரிவுகளைத் தவிர்த்துத் திரும்ப வேண்டும். ஐயத்திற்குரிய சரிவைக் கடந்தே ஆக வேண்டுமெனில், ஒருவர்பின் ஒருவராக, மற்றவர் பாதுகாப்பான இடத்திலிருந்து நோக்கிக்கொண்டிருக்கக் கடக்க வேண்டும்.

ஒவ்வொருவரும் மூன்று கருவிகளை உடன்கொள்ள வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் குறிப்பலை அனுப்பவும் பெறவும் வல்ல கருவி, புதைந்த இடத்தைத் துழாவும் நீண்ட கோல், மண்வாரி. ஒன்று குறைந்தாலும் மற்றவை பயன்படா. 1994இல் வெளிவந்த ஆய்வொன்று, புதைந்தோருள் பதினைந்து நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்ததாகவும், முப்பத்தைந்து நிமிடங்களில் அது பத்தில் மூன்றாகச் சரிந்ததாகவும் காட்டியது. அண்மைய ஆய்வு அந்த முதற்பொழுதைப் பத்து நிமிடங்களாகக் குறுக்கியுள்ளது. ஒரு மீட்டர் ஆழத்தில் புதைந்த ஒருவரை வெளிக்கொணர ஒரு டன்னுக்கு மேற்பட்ட பனியை அகற்ற நேரலாம். எனவே மீட்புப் படை வரும்வரை காத்திருக்க நேரமில்லை, உடன்சென்றவரே மீட்பர். ஆயினும் கருவி, பிழை நேர்ந்த பின் உதவுவது. சரிவின் வேகத்தில் பாறையிலும் மரத்திலும் மோதி மாள்வோரை எக்கருவியும் மீட்பதில்லை.

நம் பணி

பனிச்சரிவு முன்னறிவிப்புகள் தமிழில் வெளிவருவதில்லை. நம் மாணவர் அவற்றைப் பிறமொழியிலேயே படிப்பர். ஆனால் பொருளை உள்வாங்குவது தாய்மொழியில்தான் உறுதிப்படும். பலகைச்சரிவு, நலிந்த அடுக்கு, காற்றுமறைவுச் சரிவு, ஈரச்சரிவு போன்ற சொற்கள் கடினமானவை அல்ல. இவற்றை அறிவியல் வகுப்பிலும் மொழி வகுப்பிலும் பழக்கிவிட்டால், ‘பனி’ என்னும் ஒரு சொல்லுக்குள் மறைந்திருக்கும் வேறுபாடுகள் மாணவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

வகுப்பறையில் ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கலாம். ஐந்து படிகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, மூன்றாம் படி அறிவிக்கப்பட்ட நாளில், நீல வானத்தின் கீழ், தெரிந்த சரிவு ஒன்றில் இறங்கலாமா என்று மாணவரைக் கேளுங்கள். பெரும்பாலோர் இறங்கலாம் என்பர். பின்னர் அப்படியின் விளக்கத்தைப் படிக்கச் செய்து, ‘தனியொருவரின் எடையே போதும்’ என்னும் தொடரில் நிறுத்துங்கள். அந்த ஒருவர் யார் என்று கேளுங்கள். மாணவர் தம்மையே சுட்டிக்காட்டும்போது, அந்த எண்ணின் பொருள் அவர்களைச் சென்று சேர்ந்திருக்கும்.